பிராங்கு ராசாவின் நேர்த்திக்கடன்

பாரிசில் கார் து நோர் ரயில் நிலையத்தின் மேல்தளத்தில், லண்டன் ரயிலுக்குப் போகிறவர்களின் கடவுச்சீட்டைப் பார்க்கிற இடத்தில், இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்று ஐரோப்பியர்களுக்கு. மற்றது மிச்ச உலகத்துக்கு. எங்கள் வீட்டில் நாங்கள் மூன்றே பேர். ஆனாலும் அந்த இடத்துக்கு வந்ததும் இரண்டாகப் பிரிவோம். நானும் மகளும் ஒரு பக்கம், என் கணவர் மறுபக்கம்.

நான் மன்னாரில் பிறந்து, சிறுபிள்ளையாக இங்கே வந்து, இங்கேயே படித்தவள். பாரிசின் ஓரத்தில் ஒபர்வில்லியேயில் துணி மொத்த வியாபாரம் செய்கிற ஓர் இடத்தில் கணக்குப் பார்க்கிறேன். பிரெஞ்சுக்காரியாகி எத்தனையோ காலமாகிவிட்டது. மகள் நாங்கள் குடியிருக்கிற லா கூர்னெவ் புறநகரில் வளர்ந்த பிள்ளை, தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து வாலிப வயதில் அகதியாக வந்தவர். பாரிசின் நடுவில் ஒரு பிறாஸ்ஸறி உணவகத்தில் சமையல்காரர். பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சுச் சாப்பாட்டை இத்தனை வருடங்களாகச் சமைத்துப் போட்டும், அவருடைய கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம் மட்டும்தான்.

என் தம்பியின் கலியாணத்துக்கு லண்டன் போனபோது நானும் மகளும் சோதனையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டோம். கணவருடைய புத்தகத்தைப் பார்த்த அதிகாரி அதைப் புரட்டினார், வெளிச்சத்தில் பிடித்தார், பிறகு அவரை ஓர் ஓரத்தில் நிற்கச் சொன்னார். விசா எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் யாரோ யாரையோ தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தது. அப்போது சின்னவளாயிருந்த என் மகள் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து "பாபா, பாபா" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவர் எங்களைப் பார்த்து, போங்கோ, போங்கோ என்று கையைக் காட்டினார். அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தபோது மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அந்தப் படத்தில் என் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தால் இப்போதும் கோபம் வரும்.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மூன்று பேரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

என் மூலமாக, பிரெஞ்சுக்காரியின் புருசன் என்ற முறையில் குடியுரிமை கேட்டிருந்தால் எப்போதோ கேட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு மானம் பெரிது. "மனுசியின்ரை தயவிலை எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று தனியாகவே விண்ணப்பம் போட்டு, தனியாகவே பிரெபெக்த்தூர் என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு நேர்முகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி அம்மா, மொழி, வேலை, வரி எல்லாம் விசாரித்துவிட்டு, வெளியிலிருந்து இந்த நாட்டுக்குள் வந்து குடியேறியவர்கள் யார், யார் என்று கேட்டிருக்கிறார். ரோமர்களின் ஆட்சி விழுந்த காலத்தில் ரைன் நதியைக் கடந்து வந்த கூட்டங்களைத்தான் அவர் கேட்டார்.

என் கணவர் மிகுந்த பணிவோடு, "நாங்கள்தான், மேடம்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பழைய காலத்தில் என்று விளக்கியிருக்கிறார். இவரும் யோசித்து, "ஜேர்மன்காரர், சண்டை நேரம்" என்றாராம். இரண்டு வருடம் பொறுத்து வரச் சொல்லி மறுமொழி வந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பில் இல்லாத பாலை இறக்கப்போகிற மாதிரி எழுந்து குசினிக்குள் போய் நின்றார்.

இரண்டாம் முறை நான் விடவில்லை. "மானத்தைக் கொண்டுபோய் லண்டன் ரயிலிலை காட்டுங்கோ, விடுறாங்களோ பாப்பம்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். அது அவருக்குச் சுட்டிருக்க வேண்டும். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, "சரி, உம்மடை புருசனாய்ப் போறன்" என்றார். அப்படிப் போனால் இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஆகவே என்னுடைய மானமும் அதில் மாட்டிக்கொண்டது. படிப்பித்துத்தான் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தேன்.

பிறாஸ்ஸறி ஞாயிற்றுக்கிழமை பூட்டு. அன்றைக்கு நாங்கள் மரக்கறி வாங்கப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வருவோம். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெருவின் வடக்கு முனையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தலையை நீட்டுகிற பைகளைக் காலடியில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு பாலில்லாத பிளேன்ரீயும் பொரித்த ரோல்சும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், நான் புத்தகத்தை விரிப்பேன். மகளின் பள்ளிக்கூடப் புத்தகம் ஒன்று, நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகம் இன்னொன்று. நான் படித்த காலத்தில் இந்தப் பாடத்துக்குக் காட்டுமிராண்டிகளின் படையெடுப்பு என்று தலைப்பு. மகளின் புத்தகத்தில் அதே ஆட்கள் இடம்பெயர்ந்தவர்களாக மாறியிருந்தார்கள்.

முதல் ஞாயிறு பெரிய தோல்வி. விசிகோத்துகள், ஒஸ்திரோகோத்துகள், வண்டல்கள், அலமான்கள், பர்கண்டியர் என்று நான் வாசிக்க வாசிக்க அவருடைய கண் றோட்டுக்குப் போனது. வழியால் போன இரண்டு பேருக்குத் தலையாட்டினார். ஒரு சோஸுக்கு எதெதை எந்த வரிசையில் போடுவது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மனிதருக்கு ஐந்து பெயர் நிற்கவில்லை.

"என்ன மண்டையப்பா உங்கடை மண்டை?" என்று கேட்டேன்.

அவரும் சூடாகிவிட்டார். "ஆர் உவை? சும்மா கோத்தர், கோத்தர் எண்டால் எனக்கு என்னண்டு விளங்கும்? ஊரைச் சொல்லும். எந்த ஊர், என்னத்துக்கு வெளிக்கிட்டவை, ஆரைக் கட்டினவை? ஆளைப் பற்றி ஒண்டும் சொல்லாமல் பேரை மட்டும் சொன்னால் ஆர் வைச்சிருக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் லா சப்பலில் சந்தித்தால் முதல் கேள்வி இதுதான். ஊரில் எந்த இடம்? இடத்தைச் சொன்னால், கோயிலுக்குக் கிழக்கேயா மேற்கேயா. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடம், யாருடைய மகன், கலியாணம் எந்த ஊரில். அப்படிக் கேட்டுக் கேட்டு ஆளை ஓர் இடத்தில் கொண்டுபோய் இருத்தின பிறகுதான் அவர்களுக்கு நிம்மதி. அப்படி இருத்தின ஆளைப் பிறகு அவர்கள் மறப்பதே இல்லை. என் கணவர் அதில் மகா சூரர். சரி, கோத்தர்களையும் அப்படியே இருத்திப் பார்ப்போம் என்று நினைத்தேன்.

"கோத்தர் முந்தி பால்டிக் கடற்கரைப் பக்கம் எண்டு சொல்லுகினம். பிறகு கருங்கடல் பக்கம் போய் இருந்தவை. அங்கை கமம் செய்தவை."

"நல்ல காணியோ?"

"நல்ல காணிதான்."

"பிறகேன் வெளிக்கிட்டவை?"

"பின்னாலை ஹூணர் வந்தவை. குதிரையிலை."

"ஹூணருக்குப் பின்னாலை ஆர் வந்தது?"

"அது தெரியாது. புத்தகத்திலை இல்லை."

"ஆரோ வந்திருப்பினம்" என்றார். ரோல்ஸை ஒரு கடி கடித்தார். கோத்தர்கள் அன்றைக்கு அவருடைய மண்டைக்குள் குடியேறினார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளுக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். ஒருநாள் தடித்த புத்தகத்தில் இருந்து தானியூப் நதிக் கதையைச் சொன்னேன். ஹூணருக்குப் பயந்து ஓடிவந்த கோத்தர் சனம் ஆற்றங்கரையில் குவிந்து நின்று, எங்களை உள்ளே விடுங்கள் என்று ரோமர்களிடம் கேட்டது. விட்டார்கள். ஆனால் அந்தச் சனத்துக்கென்று வந்த சாப்பாட்டை ரோம அதிகாரிகள் பதுக்கினார்கள். பசி தாங்காத தாய் தகப்பன்மாருக்கு நாய் இறைச்சியைக் கொடுத்து, அதற்குப் பதிலாகப் பிள்ளைகளை அடிமைகளாக வாங்கினார்கள் என்று அந்தக் காலத்து ஆள் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் கையில் இருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். வன்னியில் அவருடைய அக்கா குடும்பம் இருந்த முகாமைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது மிகக் கொஞ்சம். நானும் கிண்டிக் கேட்டதில்லை. பேசாமல் புத்தகத்தை மூடியிருக்கலாமே என்று எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. மேலே பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ இரைந்துகொண்டு போனது.

"அதை எழுதி வைச்சிருக்கினமோ?" என்று கேட்டார்.

"ஓம். எழுதி இருக்கு."

"அப்ப பரவாயில்லை" என்றார். பிறகு தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். என்ன பரவாயில்லை என்று நான் கேட்கவில்லை. இப்போது எனக்கு அது விளங்குகிறது: அவர்களுக்கு நடந்ததையாவது ஒருவர் எழுதினாரே.

வண்டல்களை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. உறைந்துபோன ரைன் நதிக்கு மேலால் நடந்து வந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இந்த நாட்டைக் குறுக்கே வெட்டி, ஸ்பெயினுக்குப் போய், அங்கேயும் இருக்காமல் கப்பலேறி ஆபிரிக்காவரை போனார்கள். "உவை எங்கடை ஆக்கள் மாதிரி. ஒரு இடத்திலை இருக்க விசர் பிடிக்கும். பாரிசிலை வதிவிடக் காற் கிடைச்ச பிறகும் கனடாவுக்குப் போவினம்" என்றார்.

பிராங்குகளில்தான் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் நாட்டைப் பிடித்துத் தங்கள் பெயரையும் அதற்கு வைத்துவிட்டுப் போனவர்கள் பெரிய தூரத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நானோ, அவர்கள் பக்கத்திலேதான் இருந்தார்கள், ரைன் நதியின் கீழ்ப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து வந்தார்கள் என்றேன்.

"அப்ப ஒபர்வில்லியேயிலை இருந்து லா சப்பலுக்கு வந்த மாதிரி."

"ஓம், கிட்டத்தட்ட."

"கடல் தாண்டி வந்தவனுக்கு ஒண்டும் இல்லை. பக்கத்துத் தெருக்காரன் வீட்டை எடுத்துப்போட்டான்" என்று பிராங்குகள்மேல் கொஞ்சநேரம் கோபப்பட்டார். பிறகு அவர்களுடைய பாஷை என்ன ஆனது என்று கேட்டார். இங்கே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோய் லத்தீன் வழியில் வந்த பாஷைக்கு மாறிவிட்டார்கள் என்றேன். அவர் எதிரில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

"தாய் தகப்பன் பிராங்கிலை கேட்க, பிள்ளையள் லத்தீனிலை மறுமொழி சொல்லியிருக்கும்."

"கோமா?" என்றாள் மகள், என்ன என்று பிரெஞ்சில், தலையை நிமிர்த்தாமலே. நானும் அவரும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணிக் கடைக்காரர் என்ன, என்ன என்று எட்டிப் பார்த்தார்.

சண்டை வந்தது ராசாவால்தான். அதுவும் புறநகருக்குப் போகிற பி ரயிலில், வீட்டுக்குத் திரும்பும்போது. பாடத்தில் வருகிற பிராங்கு ராசா பழைய தெய்வங்களைக் கும்பிட்டவன். கட்டியது பர்கண்டிப் பக்கத்துப் பெண்ணை. அவள் கத்தோலிக்கம். ஞானஸ்நானம் எடு, எடு என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் அசையவில்லை. முதல் பிள்ளைக்கு அவள் ஞானஸ்நானம் கொடுப்பித்தாள், பிள்ளை இறந்துபோனது. உன்னுடைய சாமியால்தான் என்று அவளை ஏசினான். கடைசியில் ஒருநாள் அலமான்களோடு போர். தோற்கிற நிலைமை. அப்போதுதான் வானத்தைப் பார்த்து, நான் வென்றால் என் மனைவியின் கடவுளை ஏற்றுக்கொள்கிறேன் என்றான். வென்றான். ரான்ஸ் நகரத்தில் ஆயரிடம் போய்த் தலையைக் குனிந்து தண்ணீர் வாங்கினான்.

இதை நான் கொஞ்சம் உருக்கமாகச் சொல்லியிருப்பேன் போல. காரணம் இருந்தது. நான் வேதக்காரி, பிறந்ததிலிருந்து கத்தோலிக்கம்; அவர் சைவம். எங்களுடைய கலியாணத்துக்கு முன் அவர் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று என் அம்மா ஒற்றைக் காலில் நின்றார். அவர் மாட்டேன் என்றுவிட்டார். ஆயரின் அனுமதியோடு மாதா கோயிலில் ஒரு முறை, பிறகு அவருடைய பக்கத்துக்கு ஐயர் வைத்து ஒரு முறை என்று முடிந்தது. இப்போதும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அம்மா என்னிடம், தண்ணி ஊத்தியாச்சோ என்று கேட்பார், கொங்கிரீற் போட்டாச்சோ என்று கேட்பதைப் போல. வீட்டில் குசினி அலுமாரிக்கு மேலே மாதாவும் பிள்ளையாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை.

"உமக்கு இந்தப் பாடம் ஏன் பிடிக்குது எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ராசாவே எடுத்திட்டான், உனக்கு என்ன எண்டு கேக்கப்போறீர்."

"நான் கேட்டனானோ? இத்தனை வருசத்திலை ஒரு நாள் கேட்டனானோ?"

"கேக்கேல்லை. பார்த்தனீர்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். கேட்கவில்லை, உண்மை. பார்த்தேன், அதுவும் உண்மை. லா கூர்னெவ் வந்தது. இறங்கி, பைகளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது அவரே தொடங்கினார்.

"உவர் ராசா செய்ததிலை ஒரு அதிசயமும் இல்லை. நேத்திக்கடன் வைச்சவர். வெண்டவர். நேத்தியைச் செய்தவர். எங்கடை ஊரிலை எத்தினை பேர் செய்யினம்? ஆனால் ஒண்டு. அலுவல் முடிஞ்ச பிறகு எத்தினை பேர் மறந்து போறாங்கள். இந்தாள் மறக்கேல்லை. நல்ல மனுசன்."

ராசாவை அவர் மன்னித்துவிட்டார். ஆனால் என்னை மன்னித்தாரா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நேர்முகத்துக்குப் போன நாள் காலையில் அவர் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டார். வயிற்றுப் பக்கம் பூட்ட முடியவில்லை. பிரெபெக்த்தூரில் எங்களை அழைத்தவர் நடுத்தர வயது மனிதர். தொண்டை கட்டியிருந்ததால் இனிப்பு ஒன்றைச் சூப்பிக்கொண்டே கதைத்தார். முதலில் நாங்கள் உண்மையாகவே குடும்பம் நடத்துகிறோமா என்று பார்க்கிற கேள்விகள். காலையில் யார் முதலில் எழும்புவது? வீட்டில் யார் சமைப்பது? "நான்தான்" என்றேன். "இவர் சமையல்காரர். ஆனால் வீட்டுக்கு வந்தால் அகப்பையைத் தொடமாட்டார்." எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. அதிகாரி சிரித்துவிட்டு ஏதோ எழுதினார். நாங்கள் குடும்பம்தான் என்று அவருக்கு நிச்சயமாகியிருக்க வேண்டும்.

பிறகு அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "ரோமர்களுக்குப் பிறகு இங்கே வந்து குடியேறிய மக்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

என் மனம் குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வீண்போகவில்லை. நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய முகத்தில் ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம் போல இருந்தது. முந்தின முறை அந்த அம்மா கேட்டதும் இதே கேள்வி அல்லவா, அந்தப் பயம் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. கோத்தர் என்று நான் வாயை அசைத்தேன். "மேடம், அவர் பதில் சொல்லட்டும்" என்றார் அதிகாரி. மேசைக்குக் கீழே கணவருடைய காலை மிதித்தேன். அவர் அசையவில்லை. இன்னும் இரண்டு வருடம், இன்னும் இரண்டு வரிசை என்று மட்டும்தான் நினைக்க முடிந்தது.

அப்போது என் கணவர் தலையை நிமிர்த்தி, அந்தப் பிரெஞ்சு அரசாங்க அதிகாரியைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டார். "மன்னிக்க வேணும், மிஸ்யூ. நீங்கள் எந்த ஊர்?"

எனக்கு உயிரே போய்விட்டது. நேர்முகத்தில் கேள்வி கேட்கிறவரைக் கேள்வி கேட்கிற ஆள் உலகத்தில் உண்டா? அதிகாரி இனிப்பை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்குத் தள்ளினார்.

"நானா? அல்சாஸ். ஸ்திராஸ்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஏன்?"

"ரைன் நதிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம். வீட்டிலிருந்து நடந்து போகலாம்."

என் கணவரின் முகம் வெளித்தது. பிடிக்க ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. "அப்ப அங்கை இருந்தது அலமான்கள்" என்றார். "பிராங்கு ராசா தோற்கப் பார்த்தது உங்கடை பக்கத்து ஆக்களிட்டைதான்."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அலமான்களில் தொடங்கி, அவர்களுக்குப் பக்கத்துக் காணிக்காரர் பர்கண்டியர், அங்கேயிருந்து பெண் எடுத்த பிராங்குகள், பின்னால் தள்ளிக்கொண்டு வந்த ஹூணர், தானியூப் கரையில் பசியோடு நின்ற கோத்தர் என்று ஊர் ஊராகப் போனார். அவருடைய பிரெஞ்சு குசினியில் பழகிய பிரெஞ்சு. ஆண்பால் சொல்லும் பெண்பால் சொல்லும் அதில் இடம் மாறும். துலூஸில் இருந்தது வண்டல்கள் என்று ஓரிடத்தில் பிழையாகச் சொன்னார். அதிகாரி, இல்லை, அங்கே விசிகோத்துகள் என்று திருத்தினார். "ஓம், ஓம், மேற்குப் பக்கத்துக் கோத்தர்" என்று இவர் உடனே ஒத்துக்கொண்டார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அந்தக் கதை பிடித்திருந்தது என்பதை நான் கண்டேன். மூச்சை விட எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ராசா ஏன் மதம் மாறினான்?" என்று கேட்டார்.

"மனைவி சொல்லிக்கொண்டே இருந்தவ. இவனுக்கு மானம், கேட்கேல்லை. தோற்கிற நேரம்தான் மனைவியின்ரை கடவுளின்ரை ஞாபகம் வந்தது. எங்கடை ஊரிலையும் அப்பிடித்தான், மிஸ்யூ. கஷ்டம் வந்தால் கடவுளிட்டை ஒண்டை நேர்ந்து வைப்பம். கிடைச்சால் திருப்பிச் செய்யவேணும். அந்த நேரம் எந்தக் கடவுள் எண்டு பார்க்கிறேல்லை. நானும் வைச்சிருக்கிறன்."

"எதற்கு?"

"இதுக்குத்தான்" என்று மேசையைக் காட்டினார். "என்ரை மனைவியின்ரை மாதாவுக்கு."

அதிகாரி அவசரமாகக் கையை உயர்த்தினார். "மிஸ்யூ, உங்களுடைய மதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அதை எழுதவும் மாட்டேன்." பிறகு என்னைப் பார்த்துச் சின்னதாக ஒரு சிரிப்பு. நான் கைக்குட்டையைத் தேடுவதைப் போல பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பஸ் தரிப்பிடத்தில் வைத்துப் பிடித்தேன். "என்ன நேத்தி வைச்சனீங்கள்? ஞானஸ்நானமோ?"

"சீ" என்றார். "அந்தாள் ஒரு நாட்டுக்கு வைச்சவர். நான் ஒரு வரிசைக்குத்தானே. லூர்து மாதாவிட்டைப் போய் ஒரு ஆளுயர மெழுகுதிரி."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. ஆனால் நான் சொல்ல வேண்டியதை அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

முடிவு வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் லண்டன் என்ற சொல்லையே எடுக்கவில்லை. வந்தது. அவர் பிரெஞ்சுக்காரர். நான் குசினி நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடங்களாக நெஞ்சில் ஏதோ ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது, அதை விட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் அகப்பையை எடுத்து அன்றைக்கு எங்களுக்குச் சமைத்தார். உப்புக் கூடிவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை. லூர்து போய் மெழுகுதிரியும் கொளுத்தினோம். அவரே அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

ஓகஸ்ட் கடைசியில் லா சப்பலில் பிள்ளையார் தேர். தேர் வரும் தெருவெல்லாம் கடைகளுக்கு முன்னால் தேங்காயைக் குவித்து, அதன் மேல் கற்பூரம் கொளுத்தி வைத்திருப்பார்கள். தேர் கிட்ட வரும்போது சனம் தேங்காய் அடிக்கும். வழக்கமாக நான் வேலியோரம் நின்று படம் எடுப்பவள். அன்றைக்கு ஒரு பை நிறையத் தேங்காயோடு நடுவில் போய் நின்றேன். முதல் தேங்காயை எறிந்தேன். அது உடையவில்லை. துள்ளி உருண்டு ஒரு பொலிஸ்காரரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்துப் பவ்வியமாக என்னிடம் திருப்பித் தந்தார். என் கணவர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்சாரும், என்ன செய்யிறீர்?"

"நேத்தி."

"நீரோ? எங்கடை பிள்ளையாருக்கோ? எப்ப வைச்சனீர்?"

"அந்த மனுசனைப் பார்த்து நீங்கள் எந்த ஊர் எண்டு கேட்டியளே, அந்த நிமிசம்."

அவர் இடுப்பில் கை வைத்து, கண்ணில் நீர் வர அப்படியொரு சிரிப்புச் சிரித்தார். "கையை நல்லாய் உயர்த்தும். தலைக்கு மேலாலை. ம், இப்ப அடியும்" என்று சொல்லித் தந்தார். இரண்டாவது தேங்காய் சிதறிப் பறந்தது. என் சேலையெல்லாம் தேங்காய்த் தண்ணீர்.

அடுத்த கிழமை லண்டனில் தம்பியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மூன்று பேரும் கார் து நோருக்குப் போனோம். நானும் மகளும் வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தால் அவர் இல்லை. கையில் புதுக் கடவுச்சீட்டோடு, பழைய வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டிருந்தார். யாரும் அனுப்பவில்லை. அவருடைய கால் தானாகவே அங்கே போயிருக்கிறது.

"இஞ்சாருங்கோ! இஞ்சை!" என்று கத்தினேன்.

"பாபா, செ இசி!" என்று மகளும் பிரெஞ்சில் அதையே சொன்னாள்.

அவர் தன்னுடைய கால்களைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு கயிற்றுக்குக் கீழால் குனிந்து எங்களிடம் வந்தார். கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த அதிகாரி கடவுச்சீட்டை வாங்கினார், முகத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"அவ்வளவுதானோ?" என்று கணவர் என்னிடம் கேட்டார்.

"அவ்வளவுதான்."

அவர் நகரவில்லை. மற்ற வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே எங்களுடைய ஆள் ஒருவர், அகதிகளின் அந்தப் பயணப் புத்தகத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தார். ரயிலுக்கு அழைக்கிற குரல் கேட்டது. நான் கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"அண்ணை, ஊரிலை எந்த இடம்?"

அந்த மனிதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அவர் தன்னுடைய ஊரைச் சொல்லி, கோயிலைச் சொல்லி, பள்ளிக்கூடத்தைச் சொல்லி முடிக்கும்வரை நானும் அங்கேயே நின்றேன்.